சாய்ந்துபோன கையெழுத்து

ஜனவரி 8, 2003

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசையில் போட்டுவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பாய். பரவாயில்லை. ஆறு வருடம் பேசாமல் இருந்தவர்களுக்கு இரண்டு நாள் பெரிதில்லை.

உன் மனைவி போன வாரம் போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாள், அவளைக் கடிந்துகொள்ளாதே. கல்லீரல் சுருங்கிவிட்டதாம், வயிற்றில் நீர் கோத்திருக்கிறதாம், ஊசி போட்டு நாலு லிட்டர் எடுத்தார்களாம். அவள் சொல்லச் சொல்ல நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடமாக ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். அந்த மஞ்சள் நீர் யார் யாருடைய வயிற்றிலிருந்தோ சின்னக் குழாயில் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. குழாயில் பெயர் ஒட்டியிருக்கும். நான் பெயரைப் பார்ப்பதில்லை, சீட்டு எண்ணைத்தான் பார்ப்பேன். போனை வைத்த பிறகு அன்று வந்த குழாய்களின் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

உன்னோடும் போனிலேயே பேசலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது நிமிடம் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், யாராவது ஒருவர் படீரென்று வைத்துவிடுவோம். நம் இருவர் வாயும் அப்படி. காகிதத்தில் என்றால் குறுக்கே பேச முடியாது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உப்பைக் குறை. குறைத்தேன் என்று பேருக்குச் சொல்லாமல் நிஜமாகவே குறை. வலி மாத்திரை எதையும் கடையில் வாங்கிப் போடாதே. லேசாகக் காய்ச்சல் அடித்தாலும், வயிறு வலித்தாலும், பேச்சு தடுமாறினாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. தேங்கிய நீரில் கிருமி புகுந்துவிடும். அது வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, நம் குடலிலேயே இருக்கிறது.

நேற்று மார்க்கெட் பக்கம் ஒரு வண்டியிலிருந்து ஐஸ் பாளம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாளம் முழுக்க மரத்தூள். அப்படியே நின்றுவிட்டேன். நாம் குடியிருந்த ஐஸ் கம்பெனி மாடி ஞாபகம் வந்துவிட்டது. கோடையில் தெருவே வியர்த்துக் கொட்டும்போது நம் வீட்டுத் தரை மட்டும் சில்லென்று இருக்கும். நீ சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வாய், எலும்பும் தோலுமாக. அப்பா உனக்குக் 'கொசு' என்று பெயர் வைத்ததும் அதைப் பார்த்துத்தான். வயிறு என்ற ஒன்றே உனக்குக் கிடையாதே.

மனசு இருந்தால் பதில் போடு.

அக்கா


ஜனவரி 21, 2003

அக்காவுக்கு,

இரண்டு நாள் இல்லை, ஐந்து நாள் மேசையில் கிடந்தது. மனைவி அதன்மேல் காப்பித் தம்ளரை வைத்தபோதுதான் எடுத்துப் பிரித்தேன்.

இப்போது வயிறு இருக்கிறது. வேண்டிய மட்டும் இருக்கிறது. கால்விரலைக் கண்ணாடியில்தான் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் போகிறது, எங்கே திரும்புகிறது என்று இருபத்தெட்டு வருடம் வரைபடம் போட்டவன் வயிற்றில் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கிறது. ஆபீசில் இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு இனிப்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள். குடித்தால் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது ஓட வேண்டும். தலைக்கு விஷம் ஏறாமல் இருப்பதற்காம். மூளைக்கும் கக்கூசுக்கும் இப்படி ஒரு நேர்க்குழாய் இருப்பது என் வரைபடம் எதிலும் இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போன அன்றைக்குக் குடியை நிறுத்தினேன். ஆறு வருடமாக ஒரு சொட்டு இல்லை. உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் உன்னிடம் நல்ல பெயர் கேட்டு நிற்பது போல ஆகிவிடும் என்ற வீம்பு. கெட்டது கெட்டதுதான், ஆனால் நிறுத்தியிருக்காவிட்டால் இத்தனை வருடமே கிடைத்திருக்காது என்கிறார் டாக்டர். அவர் ஒருவர்தான் நம்புகிறார். வயிறு வீங்கினால் எல்லோரும் முதலில் மூச்சைத்தான் மோந்து பார்க்கிறார்கள். மனைவி இப்போதும் சில நாள் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பதினைந்து வருடம் அங்கேதான் ஒளித்து வைத்தேன்.

அப்பாவைப் பார்க்க வந்த அன்று நீ என்னை வார்டு வாசலிலேயே நிறுத்தினாய். அது சரி. ரயிலில் பன்னிரண்டு மணி நேரம் பயந்துகொண்டே வந்து, இறங்கியதும் முதல் கடையில் நுழைந்துவிட்டு வந்தேன். நிற்கவே முடியவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். எல்லாம் முடிந்த பிறகு, அப்பா என்னைக் கேட்டாரா என்று உன்னிடம் கேட்டேன். "தேடவே இல்லை" என்றாய். அதைத்தான் விழுங்க முடியவில்லை. அதற்காகத்தான் அக்கா ஆறு வருடம்.

ஐஸ் கம்பெனி மாடியை நானும் நினைப்பதுண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்துவார்களே, அந்த அமைதி வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. உடைந்த துண்டு இரண்டைத் தட்டில் வைத்து யாருடையது முதலில் கரைகிறது என்று பந்தயம் வைப்போம். என்னுடையதுதான் எப்போதும் முதலில் கரையும். நீ என் துண்டின்மேல் ஊதிக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது.

தம்பி


பிப்ரவரி 3, 2003

தம்பி,

உன் கடிதத்தைப் பரிசோதனைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் தனியாகப் படிக்கத் துணிச்சல் இல்லை. உன் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் கட்டத்துக்குள் உட்கார்ந்தது போல, வரிகள் ஸ்கேல் வைத்தது போல. பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு அச்சடித்ததா என்று கேட்டாள்.

நீ குடியை நிறுத்தியது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. ஊதினேன் என்பதும் உண்மை. உனக்கு ஏழு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா இல்லாத வீட்டில் நாள் முழுக்கப் பெரிய மனுஷியாக இருந்தேன், அந்த ஒரு விளையாட்டிலாவது ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று காகிதம் கிழித்துவிட்டேன், இது நாலாவது.

அப்பா உன்னைக் கேட்டார். தேடவே இல்லை என்று நான் சொன்னது பொய். அன்று உன்னை நிறுத்தியதற்கும் உன் நிலைமை மட்டும் காரணமில்லை. அது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. நர்சுகளும் வார்டு ஆட்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் என் தம்பி என்று தெரிந்துவிட்டதே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்பா அப்புறம்தான்.

நீ என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


பிப்ரவரி 30

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கடிதம் வந்தது. படித்தேன் மேசையில் வைத்தேன் மறுபடி காணோம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது, வலி என்று சொல்ல முடியாது. தூக்கம் பகலில் வருகிறது. ஸ்கேல் வளைந்துவிட்டது, ஆபீசில் சொல்லி வேறு வாங்க வேண்டும்.

மெஷினை நிறுத்திவிட்டார்கள் போல. சத்தமே இல்லை. அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார், அவரிடம் கேட்டால் தெரியும். நீ கீழே போய்ப் பார்த்துவிட்டு வா. வரும்போது எனக்கும்

கடிதம் வந்தது அக்கா. கை சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது

தம்பி


பிப்ரவரி 19, 2003

தம்பி,

இதை நீ இப்போது படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தபாலிலும் போடப் போவதில்லை. நாளைக் காலை வண்டியில் வருகிறேன், கையோடு கொண்டு வருவேன். நான் லீவில் இருக்கும்போது என் வேலையைப் பார்க்கிற பெண் நாளைக்குத்தான் வருகிறாள். அதுவரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நேற்று மத்தியானம் வேலையில் இருந்தபோது உன் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ போல இருந்தது. விலாசம் ஒரு மூலையில் தொடங்கி இன்னொரு மூலையில் சரிந்துகிடந்தது. உள்ளே வரிகள் மலைச்சரிவில் இறங்குவது போல. எழுத்துகள் நடுங்கியிருந்தன. என்மேல் கோபத்தில் கிறுக்கியிருக்கிறாய் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். அப்புறம் தேதியைப் பார்த்தேன். கோபம் வந்தவன் தேதியைத் தப்பாகப் போடலாம், இல்லாத தேதியைப் போட மாட்டான்.

உடனே உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மனைவி அழுதுகொண்டே எடுத்தாள். "மறுபடி ஆரம்பிச்சிட்டார் அண்ணி. மூணு நாளா நாக்கு குழறுது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஆபீசுக்குக் கிளம்புறார். எங்க ஒளிச்சு வெச்சிருக்கார்னுதான் தெரியல, வீடு பூரா தேடிட்டேன்."

"அவன் குடிக்கல," என்றேன். "வயித்து நீர்ல கிருமி சேர்ந்திருக்கு. அதான் தலைக்கு ஏறியிருக்கு. இப்பவே வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

காய்ச்சல்கூட இல்லையே என்றாள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சில பேருக்கு வராது, ஊசி போட்டு நீரை எடுத்து அதில் வெள்ளை அணுக்களை எண்ணச் சொல் என்றேன். எண்ணாமல் திருப்பி அனுப்பினால் போகாதே, அங்கேயே உட்கார்ந்துகொள் என்றேன். நான் கத்திவிட்டேன் போல. பரிசோதனைக்கூடமே திரும்பிப் பார்த்தது.

அவள் உட்கார்ந்துகொண்டாள். இன்று காலை போன் செய்து எண்ணை வாசித்தாள். இருநூற்றைம்பதைத் தாண்டினாலே கிருமி என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்குவார்கள். உனக்கு ஆயிரத்து நூற்றிருபது. இப்படிப்பட்ட எண்ணை நான் எத்தனையோ தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியிருக்கிறேன், எழுதி முடித்ததும் டீ குடிக்கப் போயிருக்கிறேன். இன்று அவள் வாசித்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நரம்பில் மருந்து ஏறுகிறதாம். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாயாம், பேசவில்லையாம். சிறுநீரகம் தாங்க வேண்டும். அதுதான் இப்போதைக்குப் பயம். ஐந்து நாள் போனால் ஓரளவு சொல்ல முடியும்.

நான் எழுதியது உன்னைப் படுக்கையில் தள்ளிவிட்டதோ என்று ஒரு நினைப்பு வருகிறது. வார்த்தையால் வயிற்றில் கிருமி வராது, எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வருகிறது.

அக்கா


மார்ச் 24, 2003

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார். கட்டத்துக்குள் முழுதாக உட்காரவில்லை, ஓரம் தாண்டுகிறது. ஆனாலும் வரி நேராகப் போகிறது அல்லவா. தேதியை மனைவியிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் போட்டேன்.

நீ ஊருக்குத் திரும்பியதிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. பதினேழு நாள் நீ இங்கே போட்ட சத்தத்தில் உப்பு ஜாடியே வீட்டை விட்டு ஓடிவிட்டது. போன வாரம் நான் பரிசோதனைக்குப் போனபோது வார்டு நர்ஸ் ஒருத்தி கேட்டாள்: "உங்க அக்கா வரலையா?" வரவில்லை என்றதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் ஈரலில் பாதியை எனக்கு வெட்டிக்கொடுக்கச் சொல்லி டாக்டரோடு நீ மல்லுக்கு நின்றதை மனைவி இப்போதுதான் சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதில் எடுக்க மாட்டோம் என்றாராமே. வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கலாமே அக்கா, வேலையில் சேரும்போது கூட்டிச் சொன்னவள்தானே.

அந்த முதல் நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. விளக்கு, யாரோ காலை நகர்த்துவது, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து. உன்னைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டேனாம். நீயும் "என்னப்பா" என்றாயாம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை.

டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வரும் என்றார். வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. மாற்று ஈரலுக்குப் பெயர் எழுதிவைக்கலாம், கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. இந்தக் கிருமி ஒரு தடவை வந்த பிறகு பாதிப் பேர் ஒரு வருடம் தாண்டுவதில்லை என்றார். "நீங்க எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது," என்றார். மழுப்பாமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மனைவி தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குச் சாயந்திரம் அவள் அலமாரியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டாள். இனிமேல் பின்னால் கை நுழையாது.

நீ இங்கே இருந்தபோது அப்பா பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அப்பாவைப் பற்றி நீ எழுதிய பிப்ரவரிக் கடிதத்தை முதல் தடவை படித்தது எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. நீ போன பிறகு மேசையைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது. புதிதாக வந்தது போலப் படித்தேன். மூன்று நாள் உன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன், எதிரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. நாலாவது நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று பட்டது: அப்பா என்னைக் கேட்டிருக்கிறார். ஆறு வருடமாகக் கேட்கவில்லை என்றே நினைத்து வாழ்ந்துவிட்டேன். இப்போது கேட்டிருக்கிறார். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. அழகாக்க வேண்டாம், எனக்காகக் குறைக்கவும் வேண்டாம். அவர் வாயில் வந்தது வந்தபடி வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 2, 2003

தம்பி,

கேட்டுவிட்டாய். வந்தது வந்தபடி எழுதுகிறேன்.

நீ வாசலிலிருந்து திரும்பிப் போனது பகல் ஒரு மணி இருக்கும். நான் உள்ளே வந்து அப்பாவுக்குத் தலையணையைச் சரிசெய்தேன். வாசலில் நம் குரல் அவருக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. கண்ணைத் திறந்து, "சின்னவன் வந்தாச்சா?" என்றார்.

"வந்துக்கிட்டு இருக்கான்பா," என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "வந்தா எழுப்பு. நான் தூங்குற மாதிரி இருந்தாலும் எழுப்பு," என்றார். "சரிப்பா" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. அப்படியே கண் அயர்ந்துவிட்டார்.

இனி நான் யாரிடமும் சொல்லாதது. அந்தக் கட்டிலுக்கு நேரே ஜன்னல். எழுந்து போய்ப் பார்த்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் ஆரஞ்சுப் பழப் பை. பஸ்கள் வந்தன, போயின, நீ எதிலும் ஏறவில்லை. மூன்றாவது மாடிதான். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும்.

கொஞ்சம் தெளியட்டும், முகத்தைக் கழுவ வைத்து ஒரு மணி நேரம் கழித்து நானே போய்க் கூட்டிவரலாம் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அன்று சாயந்திரம் வரையாவது நேரம் இருக்கிறது என்று நான் கணித்திருந்தேன். ஆஸ்பத்திரிக்காரி அல்லவா, எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இரண்டு தடவை ஜன்னல் கைப்பிடிவரை போய்க் கையை எடுத்துக்கொண்டேன். மூன்று நாற்பதுக்கு அவர் மூச்சு நின்றது. தூக்கத்திலேயே. நான் திரும்பிப் பார்த்தபோது நீ இன்னும் அங்கேதான் இருந்தாய்.

அதனால்தான் நீ கேட்டபோது 'தேடவே இல்லை' என்றேன். தேடினார் என்று சொன்னால் அடுத்து நீ, "அப்போ ஏன் கூப்பிடல?" என்று கேட்டிருப்பாய். உனக்கு மறுபடி கொதித்தால் கொதிக்கட்டும். இந்தத் தடவை எதிரிலேயே இருப்பேன், நேராகவே திட்டிவிடு.

வேலைக்கு முடிவு கட்டி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது, எனக்கு அதில் ஒன்றும் பெரிய ஆசையில்லை. சாமான் என்று பெரிதாக எதுவும் இல்லை, இரண்டு பெட்டிதான். உன் மனைவியிடம் போனில் கேட்டேன், உள் அறையை ஒழித்துத் தருகிறேன் என்றாள். எத்தனை நாளைக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ எந்தப் பாதியில் இருந்தாலும் சரி.

மாத்திரையை நிறுத்திவிடாதே. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் வண்டி வந்து சேரும். ஸ்டேஷனுக்கெல்லாம் வராதே, அலைச்சல் ஆகாது. அந்த நேரத்தில் நீ ஒரு தூக்கம் போடுவாய் என்று உன் மனைவி சொன்னாள்.

தூங்கு. வந்ததும் எழுப்புவேன்.

அக்கா